மண்கோட்டை போன பிறகு

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குள் நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் பெயரால் ஓர் அறை இருக்கிறது. கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வெளியே வருகிற வெளியூர்க் கூட்டத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால் கதை முழுதாகக் கிடைக்கும். கிழக்கிந்தியக் கும்பினிப் படை பூலித்தேவரைப் பிடித்துக் கொண்டுபோனதாம். வழியில் சங்கரன்கோவில் வந்ததும், சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் உள்ளே போனாராம். கைவிலங்கு தெறித்து விழுந்ததாம். ஒளி ஒன்று தோன்றி, ஆள் அதில் கலந்துவிட்டாராம். வெளியே காத்திருந்த சிப்பாய்கள் காத்திருந்ததுதான் மிச்சம்.

எழுத்தில் இருக்கிற சரித்திரமும் ஏறக்குறைய அங்கேயேதான் நின்றுபோகிறது. 1767-இல் கர்னல் டொனால்டு கேம்ப்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடித்தார். பூலித்தேவர் மலைப் பக்கம் தப்பினார். அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்பதற்குக் கும்பினியின் கணக்கில் தெளிவான வரி இல்லை. பிடித்துக் கொன்றிருந்தால் எழுதாமல் விட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். மூன்று வருடம் முன்னால், தங்கள் தளபதியாக இருந்து பிறகு எதிர்த்து நின்ற யூசுப்கானை மதுரையில் தூக்கிலிட்டதை நாள், இடம் எல்லாம் சேர்த்துக் குறித்துவைத்தவர்கள் அவர்கள்.

இதே முடிவைக் கொண்ட இன்னொரு மனிதர் வேல்ஸ் நாட்டில் இருக்கிறார். ஒவைன் கிளின்டூர். 1400-ஆம் ஆண்டு செப்டம்பரில் தன்னை வேல்ஸின் இளவரசன் என்று அறிவித்துக்கொண்டு ஆங்கில அரசனுக்கு எதிராகக் கிளம்பினார். 1404-இல் ஹார்லெக் கோட்டையைப் பிடித்தார். மாகின்லெத் என்ற ஊரில் வேல்ஸ்காரர்களுக்கென்று ஒரு பாராளுமன்றம் கூட்டினார். 1406-இல் பிரான்ஸ் அரசனுக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் நாட்டுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றுகூடத் திட்டம் சொல்லியிருந்தார். 1409-இல் ஹார்லெக் கைவிட்டுப் போனது. 1412-க்குப் பிறகு அவர் தட்டுப்படவே இல்லை. புதிய அரசன் மன்னிப்புத் தருகிறேன் என்று ஆள் அனுப்பியும் பதில் வரவில்லை. காட்டிக்கொடுக்கவும் ஒருவரும் முன்வரவில்லை. அவர் மறைந்ததைப் பற்றி அங்கே ஒரு கதை உண்டு. விடியற்காலையில் மலையில் உலாவிக்கொண்டிருந்த அவர் ஒரு மடத்துத் துறவியைச் சந்திக்கிறார். இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டீர்களே என்று கேட்கிறார். எழுந்தது நானல்ல, நீங்கள்தான் நூறு வருடம் முந்தி எழுந்துவிட்டீர்கள் என்கிறார் துறவி. அதோடு ஒவைன் மறைகிறார்.

1755-இல் கிஸ்தி கட்ட மாட்டேன் என்று நின்ற பூலித்தேவருக்கும் 1857 கிளர்ச்சிக்கும் நடுவில் இருப்பதும் ஏறக்குறைய அந்த நூறு வருடம்தான். அங்கே ஒரு மடம், இங்கே ஒரு கோயில். தோற்றவனைத் தோற்கவிடாமல் காப்பாற்ற ஜனங்களுக்கு இப்படி ஒரு கதவு தேவைப்படுகிறது போலும்.

சங்கரன்கோவிலிலிருந்து மேற்கு மலையை நோக்கிப் போகிற வழியில் நெற்கட்டும்செவல். அதையும் தாண்டினால் வாசுதேவநல்லூர். அன்றைக்கு இது மறவர் பாளையங்களின் சீமை. மதுரை நாயக்கர்கள் பதினாறாம் நூற்றாண்டில் வகுத்த 72 பாளையங்களில் கிழக்கே கரிசல் காட்டில் இருந்தவை பெரும்பாலும் நாயக்கர் கையில். மலையடிவாரத்தில் இருந்தவை மறவர் கையில். பாளையக்காரர் வரி வாங்குவார், காவல் காப்பார், வழக்குத் தீர்ப்பார், கூப்பிட்டால் படையோடு வருவார். ஊர்க்காவலுக்கும் தேசகாவலுக்கும் அவருக்குத் தனி வரும்படி உண்டு. நாயக்கர் ஆட்சி முடிந்து, அதிகாரம் ஆர்க்காட்டு நவாபுக்கு என்று ஆனது. நவாப் முகமது அலியோ கும்பினியிடம் கழுத்துவரை கடன்பட்டவர். கடனை அடைக்க அவர் காட்டிய இடங்களில் ஒன்று திருநெல்வேலிச் சீமை.

அப்படித்தான் 1755-இல் கர்னல் ஹெரான் 500 வெள்ளைக்காரர்களோடும் 2000 சிப்பாய்களோடும் தெற்கே இறங்கினார். கூட வந்தவர் நவாபின் அண்ணன் மாபூஸ்கான். நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் நின்று பணம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. மண்சுவரை உடைக்கிற பெரிய பீரங்கி கையில் இல்லாததால் ஹெரான் திரும்பினார். முன்பு கோயில்குடியில் கொள்ளையடித்திருந்த சாமி சிலைகளைத் திரும்புகிற வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துப் பறித்துக்கொண்டார்கள். மதராஸுக்குப் போய்ச் சேர்ந்த ஹெரானுக்கு ராணுவ விசாரணை காத்திருந்தது.

வேடிக்கை அடுத்து வருகிறது. சீமையை அடக்க வந்த மாபூஸ்கானே தம்பியோடு பகைத்துக்கொண்டு பூலித்தேவர் பக்கம் சேர்ந்தார். மேற்குப் பாளையங்கள் ஒன்றுகூடின. திருவிதாங்கூரும் கொஞ்ச காலம் கூட நின்றது. 1756-இல் திருநெல்வேலிக்கு அருகே நடந்த சண்டையில் பூலித்தேவரின் அணி தோற்றது. நண்பர் முடேமியா அங்கே விழுந்தார். ஆனாலும் கோட்டைகள் நின்றன. 1759 கடைசியில் யூசுப்கான் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டபோது நெற்கட்டும்செவலிலிருந்து வந்த படை முதுகுப் பக்கம் பாய, அவர் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அந்த வருடம் களக்காட்டுப் பகுதியைக் கொடுத்துத் திருவிதாங்கூரை யூசுப்கான் தன் பக்கம் இழுத்தார். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் வீழ்ந்தன; ஆனாலும் 1767-இல் கேம்ப்பெல் வாசுதேவநல்லூரை மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது.

யூசுப்கானும் வெளியூர்க்காரர் அல்ல, ராமநாதபுரத்துப் பனையூரில் பிறந்தவர். பிறகு அவரே நவாபையும் கும்பினியையும் எதிர்த்து நின்று 1764 அக்டோபரில் தூக்கில் தொங்கினார். வென்றவன் படையில் தோற்றவனின் பக்கத்து ஊர்க்காரன் இருப்பது எல்லா நாட்டிலும் நடந்தது. 1282-இல் வேல்ஸின் கடைசிச் சுதந்திர இளவரசன் லெவெலின் கொல்லப்பட்டு அவன் தலை லண்டனுக்குப் போனபோது, போவிஸ் பகுதியின் வேல்ஸ் பிரபு கிரிஃபித் ஆங்கில அரசன் முதலாம் எட்வர்ட் பக்கம் இருந்தார். பதினாறு வருடம் கழித்து அதே எட்வர்ட் ஸ்காட்லாந்துக்காரர்களை ஃபால்கிர்க்கில் அடித்தபோது அவன் காலாட்படையில் பெரும்பங்கு வேல்ஸ்காரர்கள். இங்கே 1799-இல் கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினிக்குக் கைகொடுத்த எட்டயபுரத்தை நாம் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறோம். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டுவதோடு ஒப்பிட்டால் நாம் மிதம்தான்.

ஸ்காட்லாந்து என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. 1746-இல் கலோடன் சண்டையில் மலைநாட்டுக் குலங்களின் எழுச்சி நசுக்கப்பட்டது. மலைக்காரன் வாள் வைத்திருக்கக் கூடாது, தன் கட்டம்போட்ட துணியை உடுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு முன்னால் நின்றது அதற்கு ஒன்பது வருடம் கழித்து. திருநெல்வேலிச் சீமைக்கு வந்த கும்பினி அதிகாரிகளின் பட்டியலில் ஸ்காட்லாந்துப் பெயர்கள் வரிசையாக வரும். 1783-இல் பாஞ்சாலங்குறிச்சியையும் சிவகிரியையும் தாக்கிய ஃபுல்லர்டன் ஸ்காட்லாந்தின் அயர்ஷயர்க்காரர். மருது சகோதரர்களோடு பழகி, சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டு, பிறகு அவர்களுக்கே எதிரான போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ், பெயரில் வேல்ஸ் இருந்தாலும் எடின்பரோவில் பிறந்தவர். தன் நாட்டின் மலை அடக்கப்பட்டதைக் கண்ட தலைமுறைக்கு அடுத்த தலைமுறை இங்கே வந்து இன்னொரு மலையடிவாரத்தை அடக்கியது.

அடக்கிய பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் வேல்ஸும் திருநெல்வேலியும் பிரிகின்றன. எட்வர்ட் வேல்ஸை வென்றதும் கல்லில் கோட்டை கட்டினான். கார்னார்வன், கான்வி, ஹார்லெக், பிறகு கடைசிவரை முடிக்கப்படாத போமாரிஸ். ஒவ்வொரு கோட்டைக்கும் பக்கத்தில் மதில் சூழ்ந்த ஆங்கிலேயர் குடியிருப்பு. வேல்ஸ்காரன் சந்தைக்கு உள்ளே வரலாம், குடியிருக்க முடியாது. அந்தக் கோட்டைகள் 1986-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. இன்றைக்கு அவற்றின் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் வேல்ஸ் மொழியில் பேசுவார். வென்றவன் கட்டியது நிற்கிறது. தோற்றவன் பேரன் அதைக் காட்டிக் காசு வாங்குகிறான்.

இங்கே கும்பினி கட்டவில்லை, இடித்தது. பாளையக்காரர் கோட்டை பெரும்பாலும் மண்கோட்டை. பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறும், மண் விழுங்கிக்கொள்ளும். துளை விழுந்தாலும் உள்ளே இருப்பவர்கள் வைக்கோலும் பனையோலையும் மண்ணும் போட்டு அடைத்துவிடுவார்கள். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு போட்டார். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, சில நாட்களுக்குள் பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டையை மறுபடி எழுப்பிக் காட்டினார். மண்ணாக இருந்ததால்தான் அது முடிந்தது. மே மாதம் அதுவும் விழுந்தது. இந்த முறை இடித்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். ஊர்ப் பெயரைக் கணக்கிலிருந்தே எடுத்தார்கள். இன்று அங்கே நாம் பார்க்கிற கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டியது. நெற்கட்டும்செவலில் பார்ப்பதும் அரசு எழுப்பிய நினைவு மாளிகைதான். வாசுதேவநல்லூருக்குப் பேருந்தில் போகிறவர் எலுமிச்சைத் தோப்புகளைப் பார்ப்பார். மூன்று முற்றுகை கண்ட ஓர் இடத்தைக் கடக்கிறோம் என்று கண்ணுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

1801 டிசம்பர் 1-ஆம் தேதி மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் குடிகளும் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டை கூடாது, மீறினால் மரண தண்டனை. வேல், வளரி, துப்பாக்கி எல்லாம் போயின. இந்த எட்வர்ட் கிளைவ், பிளாசிச் சண்டை ராபர்ட் கிளைவின் மகன். இவருடைய மனைவி ஹென்ரியெட்டா வேல்ஸைச் சேர்ந்த பிரபு குடும்பத்துப் பெண். ஊர் திரும்பிய பிறகு 1804-இல் கிளைவுக்கு போவிஸ் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. போவிஸ் கோட்டை அந்தக் குடும்பத்துக்கு வந்தது. அந்தக் கோட்டையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டியவர் யார் என்றால், மேலே சொன்ன கிரிஃபித், எட்வர்ட் பக்கம் சேர்ந்த அந்த வேல்ஸ் பிரபு. இன்று அதற்குள் கிளைவ் அருங்காட்சியகம் இருக்கிறது. திப்புவின் கூடாரமும் இந்தியாவிலிருந்து போன நூற்றுக்கணக்கான பொருள்களும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. தென்சீமையின் ஈட்டிகளைப் பறித்த கையெழுத்தும், வேல்ஸ் வேல்ஸுக்கு எதிராகத் திரும்பியபோது எழுந்த சுவரும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்ததை, அங்கே போகிற நம்மவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

இதைவிட வினோதமானது நாடுகடத்தல். 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். பினாங்குக்குக் கும்பினி அப்போது வைத்திருந்த பெயர் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு'. வேல்ஸின் இளவரசன் என்பது லெவெலினின் பட்டம். அவனைக் கொன்ற எட்வர்ட் 1301-இல் அதைத் தன் மகனுக்குச் சூட்டினான். அன்றிலிருந்து அது ஆங்கிலேய யுவராஜாவின் பட்டம். தோற்றவனிடமிருந்து பறித்த பட்டம் ஒரு தீவுக்குப் பெயராகி, அந்தத் தீவு இன்னொரு தோற்ற கூட்டத்துக்குச் சிறையானது. பல வருடம் கழித்து 1818-இல் ஜேம்ஸ் வெல்ஷ் பினாங்கில் துரைசாமியைப் பார்த்தார். இளைஞனாகக் கப்பலேறியவன் தளர்ந்துபோயிருந்தான் என்று எழுதிவைத்திருக்கிறார்.

அடங்கிய பாளையங்கள் 1803-இல் ஜமீன்கள் ஆயின. படை இல்லை, காவல் இல்லை; நிலையான பேஷ்குஷ் வரி கட்டினால் போதும். சண்டைக்கு ஒதுக்கிய பணமும் பொழுதும் வேறு பக்கம் திரும்பின. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் காவடிச்சிந்து பாடியது இந்தக் காலத்தில்தான். கழுகுமலை முருகனுக்குக் காவடி தூக்கிப் போன ஜமீன்தாருக்கு வழிநடைப் பாட்டாக அது பிறந்தது என்பார்கள். தாத்தா காலத்தில் அதே மண்ணில் படை நடந்த பாதை. வேல்ஸில் எட்வர்ட் பாடகர்களையெல்லாம் கொன்றான் என்று ஒரு கதை உண்டு. தாமஸ் கிரே என்ற ஆங்கிலக் கவிஞர் 1757-இல் அதைக் கவிதையாக்கினார், பூலித்தேவர் போரின் நடுவில். சரித்திரக்காரர்கள் அந்தக் கதையை ஏற்பதில்லை. கும்பினி இங்கே பாடகர்களைத் தொடவில்லை. ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு பாட்டை விட்டுவிட்டது. பூலித்தேவர் இன்று உயிரோடு இருப்பது அந்தக் கவனக்குறைவால்தான். கும்மியிலும் கதைப்பாடலிலும் அவர் ஊர் ஊராக நடந்தார்.

அந்தப் பாட்டுகளில் அவர் தனியாக நடக்கவில்லை. வெண்ணிக்காலாடி வருவார். எதிரி முகாமில் இரவில் புகுந்து, வயிற்றில் வெட்டுப்பட்டு, சரிந்த குடலைத் தலைத்துண்டால் கட்டிக்கொண்டு வந்து சேதி சொல்லிவிட்டு விழுந்தவர். ஒண்டிவீரன் வருவார். தென்மலையில் எதிரி முகாமுக்குள் நுழைந்து புல்லுக்குள் ஒளிந்திருந்தபோது, குதிரை கட்ட அடித்த முளை அவர் கையைத் துளைத்தது. சத்தம் போடாமல் கையையே வெட்டிக்கொண்டு எழுந்து, எதிரியின் பீரங்கிகளை அவர்கள் பக்கமே திருப்பிவைத்தாராம். வெண்ணிக்காலாடி பள்ளர், ஒண்டிவீரன் அருந்ததியர், தலைவர் மறவர். நவாபின் அண்ணன் முஸ்லிம். இந்தக் கூட்டு எவ்வளவு சமத்துவமானது என்று எனக்கு மயக்கம் எதுவும் இல்லை; பதினெட்டாம் நூற்றாண்டுப் பாளையத்தில் மேல் கீழ் உறுதியாகவே இருந்தது. ஆனால் தலைவனுக்குப் பாடிய பாட்டில் படைவீரனும் பெயரோடு இருந்தான்.

இன்றைக்கு அந்தப் பாட்டு பிரிந்திருக்கிறது. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். நெற்கட்டும்செவல் பக்கத்துப் பச்சேரியில் அவர் நினைவிடத்துக்குத் தலைவர்கள் வருகிறார்கள். பாளையங்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2022-இல் அஞ்சல் தலையும் வந்தது. செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்த நாள். நெற்கட்டும்செவலில் அரசு விழா, அமைச்சர் மாலை, எல்லாக் கட்சிக் கொடிகளும். கார்களின் கண்ணாடியில் சாதிச் சங்கத்தின் பெயர். சங்கரன்கோவில் வழியே போகிற வண்டியைப் பார்த்தாலே இது எந்தத் தேதிக் கூட்டம் என்று சொல்லிவிடலாம்.

2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில், இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை தடை உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. முன்பு 144, இப்போது புதிய சட்டத்தில் 163. வாள், கம்பு, ஈட்டி கொண்டுவரக் கூடாது. வெளி மாவட்டத்து வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு. ஜோதி ஓட்டத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். கிளைவின் பிரகடனத்துக்கும் இதற்கும் ஒப்பு சொல்வது நியாயமில்லை. அது வேற்று நாட்டுக் கும்பினி போட்டது, இது நாம் தேர்ந்தெடுத்த அரசு போடுவது. சாலையில் ரத்தம் சிந்தக் கூடாது என்கிற கவலை உண்மையானது. தென்மாவட்டங்களின் தொண்ணூறுகளில் நடந்த சாதிக் கலவரங்கள் அந்தக் கவலையைச் சம்பாதித்துக் கொடுத்தன. இருந்தாலும் ஆயுதப் பட்டியலைப் படிக்கும்போது பழைய வரிகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அன்று அந்தப் பட்டியல் பாளையத்துக்கும் கும்பினிக்கும் நடுவில் வந்தது. இன்று பச்சேரிக்கும் நெற்கட்டும்செவலுக்கும் நடுவில் வருகிறது.

வேல்ஸுக்கு 1999-இல் தனிச் சட்டமன்றம் கிடைத்தது. வேல்ஸ் மொழிக்கு அரசு மொழித் தகுதியும் வந்தது. ஒவைன் எழுப்பிய கொடி இன்று கால்பந்து மைதானத்தில் பறக்கிறது, அதைப் பிடிக்கிறவன் எந்தக் குலம் என்று யாரும் கேட்பதில்லை. நமக்கும் சட்டமன்றம் உண்டு. சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் இரண்டு தொகுதிகளும் தனித்தொகுதிகள். பூலித்தேவரின் சீமைக்காகச் சென்னைக் கோட்டையில் எழுந்து பேசுகிறவர்கள் இன்று வெண்ணிக்காலாடியின், ஒண்டிவீரனின் சமூகங்கள் அடங்கிய பட்டியல் சாதிகளைச் சேர்ந்தவர்களாகத்தான் இருக்க முடியும். 1755-இல் இதை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது, பூலித்தேவர் உள்பட. அந்த உறுப்பினர்களில் ஒருவர் இரண்டு விழாவையும் ஒரே நாளில், ஒரே மேடையில் நடத்திக் காட்டட்டும். தேதியைப் பற்றி மூன்று கூட்டமாவது பேச வேண்டியிருக்கும். மாலை முதலில் யாருக்கு என்பதில் நான்காவது கூட்டம் உடையும். ஐந்தாவதையும் கூட்ட வேண்டும்.